பாட்டுக்கு ஓர் ஏடு: இசையெழுத்து மென்பொருளும் நம் கடமையும்

தில்லைக் கோயிலிற் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் வெளிக்கொணர்ந்த வரலாற்றை நம் மாணவர் எல்லாரும் சைவநெறிப் பாடத்தில் கற்றிருப்பர். செல்லரித்தன போக எஞ்சியவையே அவர்கள் கைக்கு எட்டின. ஆனால் அவ்வரலாறு அவ்வளவில் முடிந்துவிடவில்லை. பதிகங்களின் சொற்கள் கிடைத்த பின்னரும் அவற்றுக்குரிய பண்முறை கிடைத்திலது. அதனை அறியும்பொருட்டுத் திருவெருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை நாட வேண்டியதாயிற்று என்று திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. சொல்லை ஏடு காத்தது. பண்ணை ஒரு மிடறு காத்தது. அம்மிடறும் இல்லாதிருந்தால் நாம் இன்று தேவாரத்தைப் படிப்போமேயன்றிப் பாடமாட்டோம்.

நம் நாட்டுப் பாடசாலைகள் பலவற்றின் கீதங்கள் இன்றும் அந்நிலையிலேயே உள்ளன. சொற்கள் ஆண்டு மலரின் முதற் பக்கத்தில் அச்சாகின்றன. மெட்டோ ஆசிரியர் ஒருவரின் நினைவிலும், அவரிடம் பயின்ற மாணவர் சிலரின் நாவிலும் மட்டுமே வாழ்கின்றது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் பழைய மாணவர் கூடித் தம் கல்லூரிக் கீதத்தைப் பாடுங்கால், ஒரே அடி ஊருக்கு ஒரு விதமாக ஒலிப்பதைக் கேட்டோர் பலர். பரிசளிப்பு விழா நாடகங்களுக்கென்று இயற்றப்பட்ட பாடல்களின் கதி இதனினும் இரங்கத்தக்கது. நாடகம் முடிந்த இரவோடு அவற்றின் மெட்டும் முடிந்துபோகின்றது.

இக்குறையைத் தீர்ப்பதற்கு இன்று கணனியில் ஒரு கருவி உண்டு. அதுவே இசையெழுத்து மென்பொருள். புதிய பாட்டுக்கு மெட்டமைப்பவர்க்கும், பழைய மெட்டைப் பாடகர் குழுவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் ஏற்ப அமைத்துக் கொடுப்பவர்க்கும் அது பெருந்துணை. எதனைத் தெரிவது, எவ்வாறு கையாள்வது என்பன இக்கட்டுரையின் பொருள். சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். மென்பொருள் விலையுயர்ந்ததா, அழகியதா என்பது பெரிதன்று. அம்மென்பொருள் மறைந்த பின்னும் நம் பாட்டு எஞ்சுமா என்பதே பெரிது.

இசைக்கு எழுத்து

இசையை எழுத்தில் நிறுத்தும் முயற்சி நமக்குப் புதியதன்று. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, சுர எழுத்துக்களோடு கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் இட்டது. அதற்குச் சிறிது முன்னரே சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை மேலைநாட்டு முறையில் எழுதி வெளியிட்டார். ஈழநாடு தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூல், பழந்தமிழ் இசையின் கணக்கை ஆராய்ந்து நிறுவிய பெருநூல்.

இன்று நம் மாணவர் அறிந்த எழுத்து முறைகள் இரண்டு. ஒன்று சுரக்குறிப்பு. ஸ, ரி, க, ம என்னும் எழுத்துக்களையே எழுதி, குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் கொண்டு, மேற்புள்ளியாலும் கீழ்ப்புள்ளியாலும் ஸ்தாயியைக் காட்டுவது. மற்றையது ஐங்கோட்டு முறை. ஐந்து கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளி இட்டுச் சுரத்தின் உயரத்தையும், புள்ளியின் வடிவத்தால் அதன் நீளத்தையும் காட்டுவது.

இரண்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சுரக்குறிப்பில் ஸட்ஜம் பாடுவோனின் குரலுக்கேற்ப எங்கும் அமையலாம். ஐங்கோட்டிலோ ஒவ்வோரிடமும் மாறாத ஒலியைக் குறிக்கும். சுரக்குறிப்பு ஒருவர் பாட, மற்றவர் பின்பற்றும் இசைக்கு இயல்பாய்ப் பொருந்துவது. ஒரே வேளையில் நான்கு குரல் நான்கு வழியிற் செல்ல, வாத்தியங்களும் உடன் ஒலிக்க வேண்டின் ஐங்கோட்டு முறையே வசதியானது. இங்குக் கூறும் மென்பொருள்கள் இரண்டாவது முறைக்கென்றே ஆக்கப்பட்டவை.

இவற்றால் ஆகாததும் ஒன்று உண்டு. சங்கராபரணத்தில் அமைந்த எளிய மெட்டு ஐங்கோட்டில் பெரும்பாலும் முழுமையாக இறங்கும். தோடியில் அமைந்த பாட்டின் எலும்புக்கூடே இறங்கும். அதன் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதன்று. அசைந்து அசைந்து உருவாவது. ஆதலின் எழுதிய தாளோடு, மெட்டை நன்கறிந்த ஒருவர் பாடிய ஒலிப்பதிவும் இருத்தல் வேண்டும். ஏடும் மிடறும் சேர்ந்தே பண்ணைக் காக்கும்.

மென்பொருள் செய்வது யாது?

இசையெழுத்து மென்பொருளைக் கோடு கீறும் சித்திரக் கருவி என்று கருதுவோர் உளர். அது பிழை. எழுதப்பட்ட ஒவ்வொரு சுரத்தையும் அதன் உயரம், நீளம், அதன்கீழ் வரும் சொற்கூறு, அதனை ஒலிக்கும் குரல் அல்லது வாத்தியம் என்னும் செய்திகளோடு அது நினைவில் வைக்கின்றது. தாளிற் காணும் புள்ளி அச்செய்தியின் நிழலேயாகும்.

இதனால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, பாட்டு முழுவதையும் ஒரே கட்டளையால் சுருதி உயர்த்தலாம், தாழ்த்தலாம். இரண்டாவது, எல்லாக் குரலும் வாத்தியமும் ஒருங்கு நிற்கும் முழுத்தாளிலிருந்து ஒவ்வொருவருக்கும் உரிய தனித்தாளை எடுக்கலாம்; முழுத்தாளில் ஒரு சுரத்தைத் திருத்தினால் தனித்தாளிலும் அது திருந்தும். மூன்றாவது, எழுதியதைக் கணனியே ஒலித்துக் காட்டும்.

இம்மூன்றாவதில் எச்சரிக்கை வேண்டும். கணனி ஒலித்துக் காட்டுவது எழுத்துப்பிழை காண்பதற்கு உதவும். பாடக் கற்பதற்கு உதவாது. அதன் குரற்குழு “ஆ” என்று ஒலிக்குமேயன்றி நம் சொல்லை உச்சரிக்காது. அதற்கு மூச்சு முட்டுவதில்லை. மாணவனால் எட்ட முடியாத மேற்சுரத்தையும் அது இடரின்றி எட்டும். கணனியில் இனிது கேட்டது என்பதற்காக மேடையிலும் இனிது கேட்கும் என்று துணிதல் ஆகாது.

தெரிதல்

உலகெங்கும் பெரிதும் வழங்கும் மென்பொருள்கள் சில. இங்கிலாந்திற் பிறந்த பின் என்னும் இரட்டைச் சகோதரர் ஆக்கிய சிபெலியஸ் 1993இல் வெளிவந்தது. 2012இல் அதன் இலண்டன் அலுவலகம் மூடப்பட்டபோது, அங்கிருந்தோர் பலர் ஜெர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனத்திற் சேர்ந்து 2016இல் டொரிக்கோவை வெளியிட்டனர். இவ்விரண்டும் தொழில்முறை இசைவல்லுநர் கையாள்பவை. முழு வடிவம் விலை கொடுத்துப் பெறற்பாலது. சில கட்டுப்பாடுகளோடு இலவச வடிவமும் உண்டு.

மியூஸ்ஸ்கோர் என்பது வேனர் ஸ்வீர் என்பவர் தொடங்கியது. அதன் முதலாம் பதிப்பு 2011இலும் நான்காம் பதிப்பு 2022இலும் வெளிவந்தன. அது கட்டற்ற மென்பொருள்; முழுவதும் இலவசம்; விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. அதே பெயரோடு இசைத்தாள்களைப் பகிரும் இணையத்தளம் ஒன்று சந்தா கேட்கும். மென்பொருளைப் பெறுவதற்கும் அதில் எழுதுவதற்கும் அச்சந்தா வேண்டியதில்லை. மாணவர் இதனை அறியாது பணம் செலுத்திவிடலாகாது.

லிலிபொண்ட் என்பது நெதர்லாந்தினர் இருவர் 1996இல் தொடங்கியது. இதுவும் இலவசம். இதில் புள்ளிகளைத் திரையில் இடுவதில்லை. சுரங்களை எழுத்துக்களாகத் தட்டச்சுச் செய்து கொடுத்தால் அது அழகிய தாளாக்கித் தரும். சுரக்குறிப்பு எழுதிப் பழகியோர்க்கு இம்முறை அந்நியமாய்த் தோன்றாது. பொறுமை மட்டும் வேண்டும்.

இனி, இவ்வரிசையில் முன்னிருந்து இன்று நீங்கிவிட்ட ஒன்றைக் கூறுதல் வேண்டும். பினாலே என்பது 1988இல் வெளிவந்து ஒரு தலைமுறை முழுவதும் புகழோடு விளங்கிய மென்பொருள். திரைப்பட இசையாளரும் பல்கலைக்கழகத்தாரும் பதிப்பகத்தாரும் தம் வாழ்நாள் உழைப்பை அதில் எழுதி வைத்தனர். 2024 ஆகஸ்ட் 26ஆந் திகதி, அதன் உரிமையாளர் அதனை இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்தனர். விற்பனையும் நின்றது. எழுதி வைத்த கோப்புக்களைப் பொது வடிவொன்றுக்கு மாற்றிக்கொள்ளுமாறு பயனாளர்க்கு அறிவுரை கூறப்பட்டது.

அப்பொது வடிவின் பெயர் மியூசிக் எக்ஸ்எம்எல். மைக்கல் குட் என்பவர் ஆக்கி 2004இல் முதற் பதிப்பாக வெளியிட்டது. ஒரு மென்பொருளில் எழுதிய பாட்டை மற்றொன்று திறந்து படிக்கத் தக்கதாகச் சுரம், தாளம், சொல் அனைத்தையும் வெறும் எழுத்தாக எழுதி வைப்பது. பக்க அமைப்பிற் சில மாறலாம், பாட்டு மாறாது. 1983இல் வந்த மிடி என்னும் வடிவத்தை இதனோடு மயங்கலாகாது. மிடி எந்த விசை எப்பொழுது அழுத்தப்பட்டது என்பதைக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கானது. பாட்டுத் தாளைக் காப்பதற்கு அது போதாது.

பாடசாலை ஒன்று மென்பொருளைத் தெரியும்போது வினவ வேண்டியன ஐந்து: நம்மிடமுள்ள கணனியில் அது இயங்குமா? மாணவன் தன் வீட்டிலும் செலவின்றி அதனைப் பயன்படுத்தலாமா? தமிழ் எழுத்து அதிற் பிழையின்றி விழுமா? மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் வெளியே எடுக்கலாமா? அதனைக் கற்பிக்க அருகில் ஒருவர் உளரா? இவ்வைந்தையும் சீர்தூக்கின், பாடசாலைக்கு மியூஸ்ஸ்கோரே ஏற்றது என்பது தெளிவு. வெளிநாட்டில் இசையைத் தொழிலாய்க் கொண்ட பழைய மாணவர் டொரிக்கோவிலோ சிபெலியஸிலோ எழுதினும் குற்றமில்லை. பொது வடிவில் ஒரு பிரதி அனுப்பிவிடின், யாழ்ப்பாணத்து மாணவன் அதனைத் தன் கணனியில் திறந்துகொள்வான்.

எழுதத் தொடங்குதல்

மியூஸ்ஸ்கோரில் எழுதும் முறை எளிது. ஆங்கிலத்தின் ஏ முதல் ஜீ வரையான எழுத்து விசைகள் சுரத்தின் உயரத்தையும், இலக்க விசைகள் அதன் நீளத்தையும் தருவன. 5 என்னும் இலக்கம் ஓர் அட்சர நீளம் என்று கொண்டால், 4 அதிற் பாதி, 6 அதன் இருமடங்கு. 0 ஓய்வு. இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதிற் கற்கத்தக்கது. சுரம் இடும்போது விசைப்பலகை ஆங்கிலத்திலும், சொல் இடும்போது தமிழிலும் இருத்தல் வேண்டும்.

சுரத்துக்கு முன் தாளத்தைத் தீர்மானித்தல் வேண்டும். ஆதி தாளத்தின் 8 அட்சரத்தை நான்கு நான்காக இரண்டு கட்டங்களில் எழுதலாம். மிச்ர சாப்பின் 7, மூன்றும் நான்குமாகவும், கண்ட சாப்பின் 5, இரண்டும் மூன்றுமாகவும் பிரிந்து நிற்கும்படி மென்பொருளுக்குச் சொல்லலாம். எடுப்பில் கவனம் வேண்டும். பாட்டு அரை அட்சரம் தள்ளி எடுக்கப்படுமாயின், முதற் கட்டத்தின் தலையில் அவ்வரை அட்சரத்துக்கு ஓய்வுக்குறி இட வேண்டும். இடாவிடின் பாட்டு முழுவதும் அரை அட்சரம் முந்தி விழும். தாளம் போடுவோனும் பாடுவோனும் முரண்படுவர்.

சுரத்தின்கீழ் இரு வரி இடுதல் நன்று. முதல் வரியில் பாட்டின் சொல். இரண்டாம் வரியில் ஸ, ரி, க, ம. அவ்வாறு எழுதிய தாளைச் சங்கீதம் பயிலும் மாணவனும் மேலைத்தேய இசை பயிலும் மாணவனும் ஒருங்கே நோக்கிப் பாடலாம். இரு வகுப்பையும் பிரிக்கும் சுவர் ஒரு தாளின் அளவுக்கு மெலியும்.

சொல்லும் சுரமும்

தமிழ்ப் பாட்டை எழுதுவோர் பெரிதும் இடர்ப்படும் இடம் இதுவே. இங்கு மென்பொருள் உதவாது, இலக்கணமே உதவும்.

ஒவ்வொரு சுரத்தின்கீழும் சொல்லின் எப்பகுதியை இடுவது? யாப்பிற் படித்த நேரசை, நிரையசைகளாற் பிரிக்கலாம் என்று சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. ‘தமிழ்’ என்பது யாப்பில் ஒரே நிரையசை. பாடுங்கால் த, மிழ் என இரு சுரம் கொள்ளும். ‘மாணவர்’ என்பது மா, ணவர் என ஈரசை. பாடுங்கால் மா, ண, வர் என மூன்று சுரம். ஆகவே விதி இதுவாகும்: உயிர் ஒலிக்கும் இடந்தோறும் ஒரு சுரம், ஒற்று தனக்கு முன்னுள்ள உயிரையே சாரும். கல்லூரி என்பது கல்-லூ-ரி. பாட்டு என்பது பாட்-டு. வாழ்க்கை என்பது வாழ்க்-கை. ‘பா-ட்டு’ என்று பிரித்து எழுதுதல் பிழை. மொழிக்கு முதலில் மெய் வாராதவாறு போலச் சுரத்துக்கு முதலிலும் அது தனித்து நில்லாது.

ஓருயிர் பல சுரங்களில் நீண்டு செல்லுமாயின், முதற் சுரத்தின்கீழ் எழுத்தை இட்டு, ஏனையவற்றுக்கு நீட்டற்கோடு இட வேண்டும். அளபெடை போல உயிரைத் திரும்ப எழுதுதல் வேண்டியதில்லை.

அடுத்தது புணர்ச்சி. ‘எமது அன்னை’ என்று சொற்பிரித்துப் பாடின் எ-ம-து-அன்-னை என ஐந்து சுரம். குற்றியலுகரம் கெட ‘எமதன்னை’ எனப் பாடின் எ-ம-தன்-னை என நான்கே. பழைய மாணவர் ஊருக்கு ஒரு விதமாகப் பாடுவதற்கு இத்தகைய இடங்களே பெரும்பாலும் காரணம். சொற்களை அச்சிட்டவர் படிப்போர் வசதிக்காகப் பிரித்து அச்சிட்டிருப்பர். மெட்டமைத்தவர் சேர்த்துப் பாடியிருப்பர். எழுதுமுன் இதனை மூத்தோரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, குறிலும் நெடிலும். புதிதாக மெட்டமைப்போர் இதனை மறத்தலாகாது. ‘மனம்’ என்பதன் முதற் குறிலை நான்கு அட்சரம் நீட்டின் கேட்போர் செவியில் ‘மானம்’ விழும். ‘கலை’ நீண்டாற் ‘காலை’யாகும். தனியொருவர் இராக பாவத்தோடு பாடுகையிற் கேட்போர் பொருளை உய்த்துணர்வர். நூறு மாணவர் ஒரே சீராய் நீட்டிப் பாடுகையில் அவ்வாறு உணர்தல் அரிது. நெடிய சுரத்தில் நெட்டெழுத்தை வைத்தல் முதல் வழி. இயலாவிடின், குறிலைக் குறுகப் பாடி அடுத்து வரும் மெல்லின ஒற்றில் நிற்றல் இரண்டாம் வழி. ‘மனம்’ என்பதில் ம-வைக் குறுக்கி, னம் என்பதன் மகர ஒற்றில் ஒலியை நிறுத்தினால் சொல்லும் சிதையாது, இசையும் நீளும்.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்யும் வழக்கம் பரந்துள்ளது. அவ்வெழுத்துருவில் எழுதியது உண்மையில் ஆங்கில எழுத்துக்களின்மேல் தமிழ் வடிவம் போர்த்தியதே. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அந்தப் போர்வை நழுவ, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே எஞ்சும். ஆதலின் பாட்டின் சொற்களை யூனிக்கோட் முறையிலேயே எழுதுதல் வேண்டும். மென்பொருளை இறுதியாய்த் தெரியுமுன், வாழ்க்கை, கொற்றம், ஸ்ரீ முதலிய சொற்களை அதில் இட்டு அச்சிட்டுப் பார்த்தல் நன்று. கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறாது விழுகின்றனவா என்பது ஒரு தாளிலே தெரிந்துவிடும்.

குரற்குழுவும் வாத்தியக் குழுவும்

பாடசாலைப் பாட்டை அமைப்பவர் முதலில் எண்ண வேண்டியது குரலின் எல்லையை. பதினொரு வயதுச் சிறுவனின் குரலும் பதினெட்டு வயது இளைஞனின் குரலும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி விலகி நிற்பன. குரல் உடையும் வயதில் உள்ளோர்க்கு மேலும் எட்டாது, கீழும் எட்டாது. ஆதலின் பாட்டின் உச்ச சுரத்தையும் நீச சுரத்தையும் குறித்துக்கொண்டு, பெரும்பாலோர்க்கு இயலும் கட்டையை நிச்சயித்தல் வேண்டும். முழுப் பாட்டையும் அரைக் கட்டை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பது மென்பொருளிற் கணப்பொழுது வேலை.

வாத்தியக் குழு சேருமிடத்து ஒரு சிக்கல் உண்டு. கிளாரினெற், திரம்பெற் முதலியவற்றுட் பெரும்பாலானவை பி பிளாற் வாத்தியங்கள். அவற்றை வாசிப்போன் தாளில் சீ என்று கண்டு வாசிப்பின், நம் கணக்கில் ஒன்றாங் கட்டையாகிய சீ ஒலிக்காது; அதற்கு ஒரு முழுச்சுரம் தாழ்ந்த பி பிளாற்றே ஒலிக்கும். பாட்டின் ஸட்ஜம் சீ ஆக இருப்பின் அவர்களுடைய தாளில் அது டீ என எழுதப்பட வேண்டும். ஆல்ரோ சக்ஸபோனுக்கோ அது ஏ என எழுதப்படும். கையால் எழுதும் காலத்தில் இவ்விடத்தே பிழைகள் மலிந்தன. மென்பொருளில் வாத்தியத்தின் பெயரைச் சரியாகத் தெரிந்தாற் போதும். அதற்குரிய தாளை அதுவே மாற்றித் தரும்.

இனி, மேலைநாட்டு முறையிற் பல சுரங்களை ஒருங்கே ஒலித்தல் பற்றி. இராகத்திலமைந்த மெட்டுக்கு இவ்வாறு துணைச்சுரம் சேர்ப்போர் ஓர் எல்லையை உணர வேண்டும். மோகனத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஸ, ரி, க, ப, த என ஐந்தே சுரம். மத்திமமும் நிஷாதமும் இல்லை. மேலைநாட்டுப் பாட நூல்களிற் பயிலும் மூன்று முதன்மைச் சுரக்கூட்டுக்களை இதற்கு இட்டால், ஒன்றில் மத்திமம் புகும். மற்றொன்றில் நிஷாதம் புகும். மெட்டு மோகனமாய் இருக்க, அடியில் ஒலிப்பது வேறாகிவிடும். மேலைநாட்டு முறைப்படி மூன்று சுரம் அடுக்குங்கால் மோகனத்துக்குள்ளேயே அமைவன ஸ-க-ப, த-ஸ-க என்னும் இரண்டே. இவற்றோடு தம்பூரா போல ஸ-ப என்னும் நிலைச்சுரத்தைக் கொண்டு அமைத்தால் இராகமும் கெடாது. பல்குரலின் நிறைவும் கிட்டும். மென்பொருள் இவற்றுள் எதனையும் தடுக்காது, எழுதியதையெல்லாம் ஒலிக்கும். தடுப்பது எழுதுவோன் செவியாகவே இருத்தல் வேண்டும்.

காத்தல்

எழுதி முடித்தபின் ஒவ்வொரு பாட்டையும் நான்கு வடிவில் வைத்தல் வேண்டும். மென்பொருளின் சொந்தக் கோப்பு ஒன்று. மியூசிக் எக்ஸ்எம்எல் ஒன்று. எவரும் திறந்து அச்சிடத்தக்க பி.டி.எவ் ஒன்று, பாடியவரின் ஒலிப்பதிவு ஒன்று. முதலாவது திருத்துவதற்கு, இரண்டாவது மென்பொருள் மறைந்தாலும் மீட்பதற்கு, மூன்றாவது கணனியே இல்லாவிடினும் தாளாய் நிற்பதற்கு, நான்காவது எழுத்தில் அடங்காத அசைவைக் காட்டுவதற்கு. தாளின் தலையில் இயற்றியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், இராகம், தாளம், கட்டை, எவர் பாட எவர் எழுதினார், எந்த ஆண்டு என்பன இருத்தல் வேண்டும். இரு மூத்தோர் இரு விதமாகப் பாடின், ஒன்றைப் பிழையென்று தள்ளாது இரண்டையும் எழுதி, முறையே எந்த ஆண்டுகளில் அவர்கள் பயின்றனர் என்பதையும் குறித்தல் வேண்டும். பாடபேதம் காட்டுவது பதிப்பின் அறம். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பல பிரதிகளை ஒப்புநோக்கித் தமிழ்நூல்களைப் பதிப்பித்த வழி வந்தோர் நாம்.

ஒரே இடத்தில் வைக்கப்பட்ட செல்வத்துக்கு நேர்வது யாது என்பதை இம்மண்ணில் எவர்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. வேறிடத்திற் பிரதி இருந்தவை ஒருவாறு மீண்டன. ஒரே பிரதியாய் இருந்தவை மீளவில்லை. ஆதலின் பாட்டின் கோப்புக்கள் கல்லூரி நூலகத்தில் ஒன்று, பழைய மாணவர் சங்கத்தின் ஒவ்வொரு கிளையிடமும் ஒன்று என இருத்தல் வேண்டும். நம் பாடசாலை மலர்கள் பலவற்றைத் தேடி இணையத்திற் சேர்த்துவைக்கும் நூலக நிறுவனத்துக்கும் ஒன்று அளித்தல் தகும்.

இப்பணிக்குப் பெருஞ்செலவு இல்லை. மென்பொருள் இலவசம். கணனி பாடசாலையில் உண்டு. ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி போதும். சங்கீதம் பயிலும் மாணவன் ஒருவனும் மேலைத்தேய இசை பயிலும் மாணவன் ஒருவனும் இணையாய் அமர்ந்து, ஒருவன் சுரம் சொல்ல மற்றவன் எழுதினால், கீதம் ஒன்று சில நாள்களில் முற்றுப்பெறும். கடினமானது ஒன்றே, அது காலம். 1950களிலும் 1960களிலும் கல்லூரி மண்டபத்தில் இக்கீதங்களைப் பாடியோர் இன்று முதுமையுற்றுள்ளனர். அவர்களுக்கு அடுத்த தலைமுறையினர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். மென்பொருள் ஒன்று போனால் மற்றொன்று வரும். மெட்டை அறிந்த மிடறு போனால் மற்றொன்று வாராது.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் மூத்த பழைய மாணவரை வேண்டுவது இது: தாங்கள் கற்ற நாளிற் பாடிய கல்லூரிக் கீதத்தையும், விழாப் பாடல்களையும், நாடகப் பாடல்களையும் நினைவில் உள்ளவாறே பாடிப் பதிவு செய்து அனுப்புங்கள். குரல் தளர்ந்துவிட்டது என்று கூச வேண்டா. சுரம் தெரிந்தாற் போதும். இளைய மாணவரை வேண்டுவது இது: அவ்வாறு வருவனவற்றைப் பொறுமையோடு எழுதுங்கள், சந்தேகம் வருமிடத்து ஊகித்து எழுதாது பாடியவரையே கேளுங்கள். அடுத்த விழா மலர் வெளிவரும்போது கீதத்தின் சொற்களோடு சுரங்களும் முதற் பக்கத்தில் அச்சாகட்டும். சொல்லும் இசையும் பிரியாது நின்று கல்லூரியின் புகழ் ஓங்குவதாக.